சரத்காலப் பிரயாணத் திட்டம்: ஒரு சாஸ்திரீய விசாரணை

மலைக்குப் போய் வந்தவர்களும் கடலுக்குப் போய் வந்தவர்களும் எழுதிய நூல்கள் மலிந்து கிடக்க, போவதற்கு முன் வீட்டுக் கூடத்தில் தேசப்படம் ஒருபுறமும் பஞ்சாங்கம் ஒருபுறமும் பள்ளிக்கூட நாட்காட்டி ஒருபுறமுமாக விரித்து வைத்துக்கொண்டு மனிதன் தன் குடும்பத்தாரோடு நடத்தும் விவாதத்தைக் குறித்து முறையான விசாரணை நடைபெறாதது அறிஞர் உலகம் நாணத்தக்க குறையாகும். அக்குறையை நீக்கும் உத்தேசத்தோடு இக்கட்டுரை எழுதப்படுகிறது.

பொதுப்படப் பேசும் சாஸ்திரம் எங்கும் பொருந்தாது ஆதலால், ஆராய்ச்சிக்கென ஒரு வட்டத்தை வரையறுத்துக்கொள்கிறோம். மதுரையிலிருந்து தேனி, போடிநாயக்கனூர், போடிமெட்டு வழியாக மூணாறு. அங்கிருந்து அடிமாலி வழியாகக் கொச்சி. பிறகு ஆலப்புழை, திருவனந்தபுரம், பத்மநாபபுரம், கன்னியாகுமரி. முடிவில் திருநெல்வேலி வழியாக மதுரை. ஏறக்குறைய 830 கிலோமீட்டர் நீளமுள்ள இவ்வட்டத்தைத் தேசிய நெடுஞ்சாலைகளான 85, 66, 44 ஆகிய மூன்றும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. பிரயாணிகள் ஐவர்: வண்டியோட்டும் தந்தை, தாய், தந்தையைப் பெற்ற அப்பத்தா, பத்தாம் வகுப்பில் மகள், நான்காம் வகுப்பில் மகன். கொடைக்கானலையும் சேர்த்துக்கொள்ளலாகாதா என்னும் ஆட்சேபத்துக்குச் சமாதானம், 2024 மே மாதம் முதல் அங்கே செல்ல இ-பாஸ் வேண்டும் என்பதும், அதை எடுக்கும் பொறுப்பை ஐவரில் ஒருவரும் ஏற்கவில்லை என்பதுமாம்.

1. காலநிர்ணயம்

பிரயாணத்துக்குரிய காலம் எது என்பது முதல் வினா. இலக்கண நூலார் குறிஞ்சிக்குக் கூதிரையும் முன்பனியையும் பெரும்பொழுதாக வகுத்து, நெய்தலுக்கு ஆறு பருவங்களையும் ஒருங்கே அளித்துவிட்டமையால், கடற்கரைக்கு எந்நாளும் போகலாம், மலைக்கு மட்டும் ஐப்பசி பிறந்த பின்பே போகவேண்டும் என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் அந்நூலார் கண்ட தலைவன் மலைச்சாரலில் கால்நடையாகப் போனவன். தேவிகுளத்தை அடுத்த கேப் ரோட்டில் மண் சரிந்து பாதை அடைபட்டபோது, பின்னால் வரிசையாக நிற்கும் வண்டிகளுக்கிடையே தன் வண்டியைத் திருப்பும் சங்கடத்தை அவன் அறியான். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்குவது வழக்கம். மலையாளிகள் துலாவர்ஷம் என்று வழங்கும் அதன் மழை பெரும்பாலும் பிற்பகலில் இடி மின்னலோடு வந்து இறங்குவது. எனவே ஐப்பசி விலக்கப்பட்டது. ஆனியிலும் ஆடியிலும் தென்மேற்குப் பருவமழை மூணாற்றைத் தன் வசத்தில் வைத்திருப்பதால் அவையும் விலக்கப்பட்டன. சித்திரை வைகாசியில் மலையில் மழை அவ்வளவாக இல்லை. ஆனால் சமவெளியிலுள்ள ஜனங்கள் அனைவரும் அங்கே இருப்பர்.

மிஞ்சுவது புரட்டாசியின் பிற்பகுதி. ஒரு மழை ஓய்ந்து மறுமழை தொடங்காத அச்சிறிய இடைவெளியில்தான் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் பெரும்பாலும் வந்து பொருந்துகிறது; இதனை இயற்கையின் கருணை என்பாரும் கல்வித்துறையின் தற்செயல் என்பாரும் உளர். ஆனால் இவ்விடத்தில் மிகக் கடினமான ஆட்சேபம் ஒன்று எழுகின்றது. புரட்டாசியில் புலால் விலக்கும் குடும்பம், கரிமீனுக்குப் பேர்போன ஆலப்புழைக்கு அம்மாதத்தில் போய்ச் செய்வது யாது? புரட்டாசியில் மீனில்லை, ஐப்பசியில் வழியில்லை என்னும் இவ்விருதலைக் கொள்ளியினின்று தப்பும் பொருட்டுத் தந்தையானவர் நுட்பமானதொரு வாதத்தை முன்வைத்தார். போடிமெட்டுச் சோதனைச்சாவடியைத் தாண்டியபின் நடப்பது புரட்டாசி அன்று, மலையாளக் கணக்கின் கன்னி மாதம். கன்னி மாதத்துக்கு இவ்விரதம் விதிக்கப்படவில்லை. ஆகவே எல்லைக்கு அப்பால் மீன் நிஷித்தமாகாது என்பது அவ்வாதம். இதற்கு அப்பத்தா, "பெருமாளு ரெண்டு பக்கமும் ஒருத்தருதான்டா" என்று விடையிறுத்தமையால் விவாதம் அத்துடன் முடிவுற்றது. இவ்விடையில் தர்க்கப் பிழை காண முயன்றோம், அகப்படவில்லை.

நீலக்குறிஞ்சி பூக்கும் காலத்தில்தான் மூணாறு போகவேண்டும் என்பது மகளின் பட்சம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது அங்கே 2006-லும் 2018-லும் பூத்தது. இனிப் பூக்கவேண்டியது 2030-ல். அதுவரை பிரயாணத்தை ஒத்திவைக்கத் தந்தை உடனே இசைந்தார். செலவைத் தள்ளிப்போடும் எந்த யோசனையையும் அவர் விஞ்ஞான மனப்பான்மையோடு வரவேற்பவர் என்பது கருதி, அவருடைய இசைவு சாட்சியமாக ஏற்கப்படவில்லை.

2. மார்க்கமும் கிழமையும்

மார்க்கத்தை வகுப்பது மலையும் கடலும் என்று எண்ணுவோர் மேலோட்டமாகக் காண்பவர். அதனை வகுப்பவை கிழமைகளே. மதுரைக்கு மேற்கே போகவேண்டியிருக்க, மேற்கே சூலம் ஞாயிற்றுக்கிழமையும் வெள்ளிக்கிழமையும். அவ்விரு நாளிலும் வெல்லம் உட்கொண்டு புறப்பட்டால் தோஷம் நீங்கும் எனப் பஞ்சாங்கம் பரிகாரம் கூறுமாயினும், வண்டியோட்டுபவருக்குச் சர்க்கரை வியாதி இருக்குமிடத்து வைத்திய சாஸ்திரம் அப்பரிகாரத்தைத் தடுக்கின்றது. மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூத தேவாலயம் வெள்ளியும் சனியும் பார்வையாளருக்குத் திறவாது. பத்மநாபபுரம் அரண்மனை திங்கட்கிழமை திறவாது. வெள்ளியும் ஞாயிறும் புறப்பாட்டுக்கு ஆகா, வெள்ளியும் சனியும் கொச்சிக்கு ஆகா, திங்கள் அரண்மனைக்கு ஆகாது என்னும் இவ்விதிகளை ஒருங்கே வைத்து நோக்குமிடத்து, சனிக்கிழமை புறப்பட்டு, ஞாயிறு மூணாற்றில் தங்கி, திங்கள் மலையிறங்கி, செவ்வாய் கொச்சியைக் கண்டு, புதன் ஆலப்புழையும் வியாழன் திருவனந்தபுரமும் கழித்து, வெள்ளியன்று அரண்மனை வழியாகக் கன்னியாகுமரியை அடைவதே நிர்த்தோஷமான வழியாகப் பெறப்படும்.

சனிக்கிழமை ராகுகாலம் 9 மணி முதல் 10.30 வரை. ஆகவே திட்டத்தில் 'காலை 6 மணிக்குப் புறப்பாடு' என்று எழுதப்படுகிறது. அனுபவம் மிக்க வாசகர், ஆறு மணிக்கு ஒரு குடும்பமும் புறப்படாது என்று கூறுவர். அவர்கள் வாக்கியத்தின் தாத்பரியத்தை உணராதவர்கள். ஒன்பதுக்குள் தெருவைத் தாண்டும் பொருட்டு வாங்கிவைக்கப்படும் மூன்று மணி நேர முன்ஜாமீனே அந்த ஆறு மணி. அதுவும் தீர்ந்துபோனால் பத்தரை வரை வீட்டுக்குள் பூட்ஸ் காலோடு உட்கார்ந்திருக்க நேரும். அந்நேரத்தில்தான் கேஸ் அடைத்தோமா என்ற ஐயம் பிறந்து, எழுந்துபோய்ப் பார்க்கப்பட்டு, நிவர்த்தியாகும் ஆதலால், ராகுகாலமும் முற்றிலும் பயனற்றதென்று தள்ளத்தக்கதன்று.

3. ஆசன விசாரம்

வண்டியில் ஆசனங்கள் ஐந்து. அவற்றுள் விவாதத்துக்குரியது ஓட்டுநருக்கு இடப்பக்கத்து முன் ஆசனம் ஒன்றே. வயதால் அது அப்பத்தாவுக்குரியது. வழி சொல்லும் உத்தியோகத்தால் தாய்க்குரியது. ஆனால் இவ்விரு உரிமைகளையும் 'எனக்கு வாந்தி வரும்' என்னும் ஒரு வாக்கியம் வீழ்த்திவிடுகிறது. போடியிலிருந்து மேலேறும் சாலையின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் உட்காதிலுள்ள அரைவட்டக் குழல்கள் உடல் சுழல்வதாக மூளைக்கு அறிவிக்க, கையிலுள்ள செல்போனில் பதிந்த கண்களோ ஒன்றும் அசையவில்லை என்று சாட்சி கூறுகின்றன. இவ்விரு சாட்சிகளும் முரண்படுவதால் விளைவதே குமட்டல். முன்னே அமர்ந்து தொலைவிலுள்ள சாலையை நோக்கினால் முரண் தணியும் என்பது வைத்தியர் கண்டது. இந்த உண்மையை நான்காம் வகுப்பு மாணவன் உடற்கூற்று நூல் எதையும் கல்லாமலே கண்டறிந்து, வீட்டு வாசலில், எஞ்சின் உயிர்பெறுவதற்கு முன்பே பிரயோகித்துவிடுகின்றான்.

இவ்வாசனப் பிணக்கால் விளையும் ஊடல் மருதத்துக்குரிய உரிப்பொருள் அல்லவோ, மலைப்பாதையில் நிகழலாமோ என்று ஐயுறுவோர்க்கு, இலக்கணம் திணைமயக்கத்தை அனுமதித்திருக்கிறது என்பதே விடை. குறிஞ்சிக்கே உரிய உரிப்பொருளைக் குறித்து, அப்பத்தாவும் பத்தாம் வகுப்புப் பெண்ணும் உடனிருக்கும் வண்டியில் ஆராய்ச்சி செய்வது தகாது.

மலைச்சாலையின் தர்மங்கள் இரண்டே. குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். இறங்கும்போது பிரேக்கை இடைவிடாமல் மிதித்துச் சூடேற்றாமல், தாழ்ந்த கியரில் எஞ்சினின் பிடியிலேயே இறங்கவேண்டும். இவை தவிர உள்ளவையெல்லாம் பின் ஆசனத்திலிருந்து வழங்கப்படும் உபதேசங்கள். எலுமிச்சை இவ்வியலில் இருமுறை பயில்கின்றது. சக்கரத்தின் கீழ் நசுங்குவது திருஷ்டிக்கு. மூக்கின் கீழ் முகரப்படுவது குமட்டலுக்கு. முன்னதற்கு வைத்திருந்ததைப் பின்னதற்கு எடுத்துக் கொடுக்கலாம். பின்னதை முன்னதற்கு ஆக்குவதை ஒருவரும் ஒப்புவதில்லை.

4. போஜன காண்டம்

தூரம் கிலோமீட்டரால் அளக்கப்படுவது சர்க்காரின் வழக்கம். குடும்பங்கள் அதை வேளையால் அளக்கின்றன. மதுரைக்கும் தேனிக்கும் இடையே ஒரு காபி. தேனிக்கும் மூணாற்றுக்கும் இடையே, ஏறக்குறைய அதே தூரமாயினும், வளைவுகளின் காரணமாக ஒரு முழுப் பகலுணவு. முதல் நாளைக்குக் கட்டுச்சோறே என்பதில் அபிப்பிராய பேதம் இல்லை. புளியோதரை, புளியின் புளிப்பாலும் நல்லெண்ணெயின் துணையாலும் கெடாது நிற்பது. தயிர்ச் சோற்றைப் பாலூற்றிப் பிசைந்து சிறிதளவே உறை சேர்த்துக் கட்டினால் உண்ணும் வேளைக்குப் பதமாக இருப்பது. தேங்காய்ச் சட்டினியோ நண்பகலுக்குள் கெட்டுவிடுவது. இட்லிக்கு மிளகாய்ப் பொடி எண்ணெயே துணையாகக் கொள்ளப்பட்டதன் காரணம் இது.

இரண்டாம் நாள் முதல் ஹோட்டல். சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் காற்றழுத்தம் குறைவாதலின் நீர் ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகின்றது. அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதிக்கும். "பருப்பு வேகலையே" என்று அப்பத்தா கூறுவது குறைகூறல் அன்று, பௌதிக சாஸ்திரம். கொச்சியில் இலையில் விழும் பருமனான சிவந்த சோற்றை அவர் விரலால் தொட்டுப் பார்த்து, "வெள்ளைச் சோறு இருக்கா?" என்று வினவுவது சாஸ்திரம் அன்று, ருசி. புட்டும் கடலைக்கறியும் ஆப்பமும் ஐவரையும் ஒன்றுபடுத்த வல்லவை. புரட்டாசிக்கும் அவற்றால் பங்கமில்லை. ஆகவே கேரளக் கரையை நெடுகக் கடக்கும் திட்டம் எதுவும் காலை உணவையே ஆதாரமாகக் கொண்டு அமைதல் வேண்டும்.

5. சித்தாந்தம்

காலத்தை மழையும், கிழமையைச் சூலமும், ஆசனத்தை வயிறும், தங்குமிடத்தைப் பசியும் நிர்ணயித்துவிட்டனவெனில், பிரயாணத்தை வகுப்பவன் நிர்ணயிப்பது யாது? இடங்களையும் அவன் நிர்ணயிப்பதில்லை. மழை வந்தால் மூணாறு நழுவும், பசி வந்தால் அரண்மனை நழுவும். எவ்வளவு விவாதம் நடந்தாலும் நழுவாதது ஒன்றே: திரும்பும் தேதி. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறதெனில், ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணிக்கும் அரைகுறையாய் விட்ட வீட்டுப்பாடத்துக்கும் வேண்டும். ஆதலால் சனிக்கிழமை மாலைக்குள் மதுரை. ஆதலால் வெள்ளியிரவு கன்னியாகுமரி. பிரயாணத் திட்டம் என்பது கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எழுதப்படும் நூல் என்பது இவ்வாராய்ச்சியின் முடிபு. முதல் நாளிலிருந்து எழுதத் தொடங்குவோர் மூணாற்றிலேயே இரண்டு நாள் மிகையாகச் செலவிட்டுவிட்டுக் கடலைச் சுங்கச்சாவடிக்கும் சுங்கச்சாவடிக்கும் இடையே கண்ணாடி வழியாகக் காண்பர்.

திரும்பும் தேதியைக் குறிக்காமல் புறப்படுவோர்க்கு எச்சரிக்கை கொச்சியிலேயே இருக்கின்றது. மூன்றாம் முறையாக இந்தியாவுக்கு வந்த வாஸ்கோட காமா 1524-ல் அந்நகரில் இறந்து, இன்று புனித பிரான்சிஸ் தேவாலயம் எனப்படுவதில் அடக்கமாகி, 1539-ல்தான் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டார். கடல்மார்க்கத்தைக் கண்டறிந்தவருக்கே திரும்புவதற்குப் பதினைந்தாண்டு பிந்திற்றென்றால், காலாண்டு விடுமுறையை நம்பிப் புறப்படுவோர் எத்துணைக் கவனமாயிருத்தல் வேண்டும்!

இதிலிருந்து ஒரு கிளைமுடிபு தோன்றும். திரும்பும் நாளே திட்டத்துக்கு மூலமாயின், அந்நாளை விதிப்பவரே திட்டத்தின் கர்த்தா. மாதிரிக் குடும்பத்தில் அவர் யாரென விசாரித்தோம். தந்தை அல்லர், அவருக்கு மேலும் இரண்டு நாள் லீவு உண்டு. பள்ளியும் அன்று, அது திங்கட்கிழமைதான் திறக்கிறது. பத்தாம் வகுப்பு மகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் ஆசிரியர், ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணிக்குத் தேர்வு வைத்திருக்கிறார். மலையை இன்னதென்றும் கடலை இன்னதென்றும் அவர் கேட்டதில்லை. வண்டியில் அவருக்கு ஆசனம் இல்லை. ஆயினும் ஐவரும் எங்கே எத்தனை நாள் தங்குவதென்று விதித்தவர் அவரே. ஆகவே இவ்வகைப் பிரயாணத்தை உத்தேசிப்போர் தேசப்படம் வாங்குமுன், ஹோட்டலில் அறை பதியுமுன், அப்பத்தாவின் சம்மதம் கேட்பதற்கும் முன், அவருடைய வீட்டுக்கு ஒருமுறை போய்வருதல் வேண்டும், வெறுங்கையோடு போகலாகாது.