பட்டாபட்டியும் பதினைந்து இலக்கமும்

மறைமலை நகர் ஸ்டேஷனில் காலையில் பீச் வண்டிக்கு நிற்கிற கூட்டத்தைப் பார்த்தால் திருட்டுப் பயம் எங்கெங்கே குடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். பின்பாக்கெட் பர்ஸ் முன்பாக்கெட்டுக்கு வந்திருக்கும். முதுகுப் பை நெஞ்சுக்கு வந்திருக்கும். அக்காமார் தாலிச் செயினைப் புடவையோடு சேர்த்து ஊக்கு குத்தியிருப்பார்கள். நைட் ஷிப்ட் முடிந்து வரும் பையன்கள் டிபன் பாக்ஸைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் தூங்குவார்கள். உள்ளே இருப்பதென்னவோ நேற்றைய லெமன் சாதத்தில் ஒதுக்கிய மிளகாய்.

எங்கள் குடும்பத்தில் இந்தத் துறைக்குத் தலைவர் பெரியப்பா. விழுப்புரத்திலிருந்து வரும்போதெல்லாம் பணத்தை மூன்றாகப் பிரிப்பார். சட்டைப்பையில் சில்லறை. "வர்ற திருடன் வெறுங்கையோட போகக் கூடாதுல்லடா!" இடுப்பு மடிப்பில் கொஞ்சம். மிச்சமெல்லாம் பட்டாபட்டி டிராயரின் உள்பையில், மேலே ஊக்கு. ஒருமுறை தாம்பரம் டிக்கெட்டுக்குச் சில்லறை போதவில்லை. கவுன்டர் முன்னால் வேட்டியைத் தளர்த்தி அவர் ஊக்கைத் துழாவ, வரிசை மொத்தமும் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குள் வண்டி போயே விட்டது. "போனா போகுது, பணம் பத்திரமா இருக்குல்ல?" என்றார்.

ஜேப்படிக்காரர்கள்தான் பாவம். பத்து ரூபாய் நோட்டைக் கீழே போட்டு, "அண்ணே, உங்க காசு விழுந்திருக்கு" என்பது. சட்டையில் அசிங்கத்தைத் தடவிவிட்டு அவர்களே துடைக்க வருவது. பஸ் படியில் முன்னால் ஒருவன் நின்றுகொள்ள, பின்னால் ஒருவன் நெருக்குவது. எல்லாமே கூட்டு முயற்சி. இத்தனை பேர் பாடுபட்டு என் பர்ஸை அடித்தால் கிடைப்பது ஆதார் ஜெராக்ஸ், எழுத்தழிந்த ஏடிஎம் ரசீது, முருகன் படம், கசங்கிய ஐம்பது ரூபாய். டீக்கடையிலேயே ஸ்கேன் பண்ணுகிற காலத்தில் பர்ஸில் வேறென்ன இருக்கும்?

இங்கிலாந்தில் 1808 வரை ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஜேப்படி செய்தால் தூக்குத் தண்டனை விதிக்கலாம் என்று இருந்தது. நம் ஊரில் 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவுப்படி, முதல்முறை மாட்டியவன் 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சமூக சேவை மட்டும்தான். என் பர்ஸை எடுத்ததற்கு அதுவே அதிகப்படி.

உண்மையான சொத்து இப்போது போனில் இருக்கிறது. சம்பளம், பிஎஃப், நகைக்கடன் தவணை, மாப்பிள்ளை போட்டோ எல்லாம் அதில்தான். அதை மட்டும் படியில் தொங்கியபடி வெளியே நீட்டிப் பிடித்து ரீல்ஸ் எடுக்கிறோம். தண்டவாளத்தோரம் நிற்பவன் கம்பால் ஒரு தட்டு தட்டினால் போதும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தால் வண்டி கிளம்புகிற நேரம் பார்த்து வெளியிலிருந்து கை வரும். நாம் சங்கிலியைத் தேடுவதற்குள் அவன் தண்டவாளத்தைத் தாண்டியிருப்பான். பெரியப்பாவும் ஸ்மார்ட்போன் வாங்கியிருக்கிறார். அது சட்டைப்பையில், திருடனுக்கென்று ஒதுக்கிய சில்லறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பின் நம்பர் மறந்துவிடுமாம். உறையின் பின்பக்கம் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்.

ஆகவே பயணிகளே, ஊக்கு பர்ஸுக்குப் போதும். போனுக்கு வேறு பூட்டு வேண்டும். திரைக்கு மட்டுமல்ல, சிம்முக்கும் பின் நம்பர் போடுங்கள். இல்லையென்றால் சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டதும் உங்கள் ஓடிபி எல்லாம் அவனுக்குத்தான் வரும். ரயிலில் போன் பறிபோனால் உடனே ரயில்வே உதவி எண் 139ஐ அழையுங்கள். அடுத்து சிம்மையும் வங்கிக் கணக்கையும் முடக்கிவிட்டு, போலீசில் புகார் கொடுங்கள். புகார் நகல் இருந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் போனையே இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்கலாம். அதற்கு 15 இலக்க ஐஎம்இஐ எண் தேவை. *#06# அழுத்தினால் திரையில் வரும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதே போனில் பத்திரப்படுத்தாதீர்கள். காகிதத்தில் எழுதி, இன்றைக்கே வீட்டு பீரோவில் வையுங்கள்.