சாலை வேண்டாம் என்றவர்களின் கடற்கரை

சியாட்டில்,
ஆனி மாதம்.

மகாராஜராஜஸ்ரீ சித்தப்பா அவர்களுக்கு அநேக நமஸ்காரம். இவ்விடம் நானும் தங்கள் நாட்டுப்பெண்ணும் குழந்தையும் க்ஷேமம். அவ்விடம் தங்கள் க்ஷேமத்தையும் சித்தியின் முழங்கால் க்ஷேமத்தையும் அறிய ஆவல்.

நான் கைப்பேசியில் அனுப்பிய படங்களைப் பார்த்து, முதுகில் மூட்டையும் கையில் தடியுமாகக் காட்டுவழியே போய்க்கொண்டிருக்கும் ஆசாமி உத்தியோகத்தை இழந்து சந்நியாசம் வாங்கிக்கொண்டுவிட்டானோ என்று சித்தி கலங்கியதாகவும், விவரமாகக் கடிதம் எழுதினாலொழியச் சமாதானம் ஏற்படாது என்றும் தாங்கள் எழுதியிருந்தீர்கள். உத்தியோகம் பத்திரமாக இருக்கிறது. சொல்லப்போனால் உத்தியோகம் இருக்கிறவர்கள்தான் இந்தத் தேசத்தில் இப்படிப்பட்ட கோலத்தில் திரிகிறார்கள். வாரத்தில் ஐந்து நாள் மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதித்த பணத்தைக் கொண்டு, தரையில் படுப்பதற்கு வேண்டிய சாமான்களை வாங்கி, சனிக்கிழமை விடியுமுன்னே புறப்பட்டு, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் எட்டிப் பாராத ஓர் இடத்தில் ராத்திரியைக் கழித்து, கொசுக்கடித் தழும்புகளோடு திரும்பிவந்து, திங்கட்கிழமை ஆபீஸில் அவற்றைப் பதக்கங்களாகக் காட்டிக்கொள்வது இங்குள்ள மத்தியதர வர்க்கத்தாரின் பரம சௌபாக்கியம். கஷ்டம் இயல்பாகவே கிடைத்துவிடும் ஊரில் பிறந்த எனக்கு, அதைக் காசு கொடுத்து வாங்கும் இந்தச் சம்பிரதாயம் பழகுவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது.

நாங்கள் போன இடம் அலாவா முனை. அலாஸ்காவையும் ஹவாயையும் ஒதுக்கிவிட்டு அமெரிக்கப் படத்தின்மீது மேற்கு நோக்கி விரலை ஓட்டினால், இனி நிலமில்லை என்று விரல் எங்கே நிற்குமோ, அதுதான். 1938-இல் ஏற்பட்ட ஒலிம்பிக் தேசியப் பூங்காவோடு 1953-இல் சேர்க்கப்பட்ட நீண்ட கடற்கரையில் அது இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் நெட்டையான அமெரிக்கர் ஒருவர், "உலகத்தின் விளிம்பைக் காட்டுகிறேன்" என்று சொல்லி எங்களைக் குடும்பத்தோடு அழைத்துக்கொண்டு போனார்.

கப்பலில் காரை ஏற்றி ஒரு கழியைத் தாண்டி, பிறகு ஹூட் கால்வாய் என்னும் இன்னொரு கழியின்மேல் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் போட்டிருக்கும் மிதவைப் பாலத்தின்மீது போக வேண்டும். வானரங்கள் போட்ட கல் மிதந்தது என்றால் கேலி செய்யும் தங்கள் பகுத்தறிவுச் சிநேகிதரிடம், இங்கே கான்கிரீட்டையே உப்புநீரில் மிதக்கவிட்டு அதன்மேல் லாரி ஓட்டுகிறார்கள் என்று அவசியம் சொல்லுங்கள். 1979-இல் அடித்த ஒரு புயலில் அந்தப் பாலத்தின் மேற்குப் பாதி மூழ்கிப்போய் மறுபடி கட்டினார்கள் என்கிற உபகதையை மட்டும் அவரிடம் பிரஸ்தாபிக்க வேண்டாம்.

காட்டில் ராத்திரி தங்குவதற்கு முன்கூட்டியே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அதோடு ஆகாரத்தைப் பூட்டி வைக்க, கரடிக்கும் திறக்கத் தெரியாத கெட்டியான உருளை டப்பா ஒன்றும் கட்டாயம். பெயரளவில் கரடிக்காக ஏற்பட்டதேயானாலும், இந்தக் கரையில் அது பிரதானமாக ரக்கூன் என்னும் முகமூடிக் கண்ணனுக்காகத்தான். குரங்கின் சாமர்த்தியமும் பூனையின் நடையும் கொண்ட அந்தப் பிராணி, விரல்களால் எந்த முடிச்சையும் அவிழ்த்துவிடுமாம். தங்கள் நாட்டுப்பெண் கிளறிய புளியோதரையும் எலுமிச்சங்காய் ஊறுகாயும் அந்த டப்பாவுக்குள் குடியேறின. நெட்டையர் தமக்கென்று கொண்டுவந்திருந்ததோ தவிட்டையும் கொட்டைகளையும் பாகில் போட்டு இறுக்கிய சில கட்டிகள். அவற்றைத் திருட வரும் ரக்கூனின் ரசனையைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு.

தாங்கள் சந்தோஷப்படக்கூடிய விஷயம் ஒன்று. இந்தக் கரையில் திதி பார்க்காமல் ஒருவரும் காலெடுத்து வைப்பதில்லை. பல இடங்களில் பாறை முனைகள் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருப்பதால், நீர் வடிந்திருக்கும் வேளையில்தான் அவற்றைச் சுற்றி நடக்க முடியும். நீர் ஏறும் வேளையில் போனால் பின்னே பாறை, முன்னே சமுத்திரம் என்று அகப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆகையால் நாளுக்கு நாள், நிமிஷம் உட்பட, ஏற்றமும் வற்றமும் குறித்த அட்டவணையைச் சர்க்காரே வெளியிடுகிறது. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் கடல் அதிகம் ஏறி அதிகம் வடிகிறது, அஷ்டமியை ஒட்டி அடங்குகிறது என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கின்றன. ராகுகாலம் என்றால் சிரிக்கக்கூடிய நெட்டையர், அந்தத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "காலை பத்தரைக்குள் கடந்துவிட வேண்டும், அதற்குமேல் ஆகாது" என்று பயபக்தியோடு சொன்னபோது, கல்லிடைக்குறிச்சித் திண்ணையில் தாங்கள் பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்திருக்கும் காட்சியே என் மனத்தில் எழுந்தது.

ஓஸெட் ஏரியில் வண்டியை விட்டுவிட்டுக் கடலுக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நடை. ஏரியிலிருந்து வெளிப்படும் ஆற்றின் தண்ணீர், இலையும் பட்டையும் ஊறிய சாரத்தினால் தேநீர் நிறமாக இருக்கிறது. அதைத் தாண்டியவுடன் ஆரண்யம். ஆண்டுக்குச் சுமார் 2500 மில்லிமீட்டர் மழை பெறும் பிரதேசமாதலால், சிட்கா ஸ்ப்ரூஸ், ஹெம்லாக், சிவப்பு சீடார் என்னும் விருட்சங்கள் அண்ணாந்து பார்த்தால் தொப்பி விழும் உயரத்துக்கு நிற்க, அவற்றின் கிளைகளிலெல்லாம் பாசி தொங்க, கீழே ஆள் நுழைய முடியாதபடி பெரணி மண்டிக் கிடக்க, சேற்றில் கால் படாமலிருக்கும் பொருட்டு வழியின் பெரும்பகுதிக்கும் சீடார்ப் பலகைகளைக் குறுக்கே அடுக்கி மேடைபோல் போட்டிருக்கிறார்கள். மழையில் நனைந்த அந்தப் பலகைகளின் வழுக்கலைப் பற்றி எத்தனை எச்சரிக்கை செய்தாலும் தகும். எச்சரிக்கை செய்துகொண்டே போன நெட்டையர்தாம் முதலில் விழுந்தார், விழுந்த இடத்திலிருந்தே, மூக்குக்கு நேரே இருந்ததைக் கவனித்து, "எவ்வளவு அழகான பாசி!" என்றார். இந்த மனோபாவம் ஓர் ஐசுவரியம் என்றே நினைக்கிறேன்.

சாய்ந்த மரத்தை இங்கே யாரும் தொடுவதில்லை. அது கிடந்து உளுக்க உளுக்க, அதன் முதுகின்மேலேயே விதைகள் விழுந்து, யாரோ நூல்பிடித்து நட்டது என்று எண்ணும்படி ஒரே வரிசையில் கன்றுகள் எழும்பி, வேர்களை இருபுறமும் கீழே இறக்கி மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. நாளாவட்டத்தில் கிடந்த மரம் முற்றிலும் மட்கி மறைந்துபோக, மேலே வளர்ந்தவை தரைக்கும் தமக்கும் நடுவே வெற்றிடம் விட்டு, வேர்க்கால்களை ஊன்றியபடி நிற்கின்றன. இதனிடையே ஒரு சாண் நீளமுள்ள, ஓடில்லாத மஞ்சள் நத்தைகள், சர்க்கார் கோப்பின் வேகத்தில், பலகையின் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. குழந்தை ஒவ்வொன்றும் கடந்து முடியும் வரையில் எங்களை நிறுத்திவைத்தாள்.

இத்தனை சிரமப்பட்டு நடப்பானேன், கார் போகும்படி ஒரு சாலை போட்டுவிடக் கூடாதா என்று தாங்கள் கேட்பீர்கள். போடத்தான் பார்த்தார்கள்! 1950-களில் இந்தக் கரையோரமாக ஒரு நெடுஞ்சாலை அமைக்கும் யோசனை எழுந்தபோது, அதைத் தடுக்கும் பொருட்டு 1958 ஆகஸ்டில் அமெரிக்க உச்சநீதிமன்றத்து நீதிபதி வில்லியம் டக்ளஸ், சுமார் எழுபது பேரைச் சேர்த்துக்கொண்டு, இந்த அலாவா முனையிலிருந்து தெற்கே ரியால்டோ கரை வரைக்கும், ஏறக்குறைய 35 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாளில் நடந்தே போனார். 36 ஆண்டுக் காலம் அந்த நீதிமன்றத்தில் வீற்றிருந்த பெரிய மனிதர் அவர். நடைப்பயணம் முடிந்த இடத்தில், சாலை வேண்டும் என்று சொல்லும் உள்ளூர்க்காரர்கள் பதாகைகளோடு அவரை வரவேற்றார்களாம். கடைசியில் சாலை வரவில்லை. இன்றைக்கும் அந்தத் தூரத்தைக் கால்களால்தான் கடக்க வேண்டும். நம் தெருவுக்குத் தார் போடும்படி தாங்கள் அதிகாரிகளுக்கு எழுதியிருக்கும் விண்ணப்பங்களின் கட்டை நினைத்துப் பார்த்தேன். தார் வேண்டாமென்று ஒரு தடவை எழுதிப் பாருங்களேன். ஆச்சரியத்திலாவது யாராவது வந்து பார்ப்பார்கள்.

மரங்கள் விலகியதும் கடல். வங்காள விரிகுடாவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது கடல் என்று தோன்றவே சற்று நேரமாகும். சாம்பல் நிற நீரும், அதனிடையே தனித்தனியாக நிற்கும் கற்குன்றுகளும், கரை நெடுக, வேரோடு ஆறுகளில் அடித்துவரப்பட்டு வெளுத்துக் கிடக்கும் ராட்சச மரங்களும், குளிரும்! கால் நனைத்த மாத்திரத்தில் சமுத்திர ஸ்நானம் என்கிற எண்ணத்தைப் புண்ணியத்தோடு சேர்த்துக் கைவிட்டேன். தூரத்தில் கடல்நீர்நாய்கள் சில மல்லாந்து மிதந்துகொண்டிருந்தன. ரோமத்தோல் வியாபாரிகள் இவற்றின் குலத்தையே இந்தக் கரையில் ஒழித்துவிட, 1969-லும் 1970-லும் அலாஸ்காவிலிருந்து 59 பிராணிகளைக் கொணர்ந்து விட்டார்களாம். இப்போதுள்ளவை அவற்றின் சந்ததி.

இந்தக் கரையில் மாக்கா என்னும் ஜாதியார் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். தோணியில் போய் ஈட்டியால் திமிங்கிலம் பிடித்தவர்கள். சில நூற்றாண்டுகளுக்கு முன் மலைச்சரிவின் ஈரக் களிமண் சரிந்து இங்கிருந்த அவர்களுடைய கிராமத்தின் வீடுகள் சிலவற்றை அப்படியே மூடிவிட்டது. காற்றுப் புகாத அந்தச் சேற்றில் மரம், கயிறு, கூடை ஒன்றுமே மட்கவில்லை. 1970-இல் குளிர்காலப் புயலொன்று கரையை அரித்து அவற்றை வெளிக்காட்டியது. மாக்கா மக்கள் சொல்லியனுப்ப, வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் டாகர்ட்டி வந்து, மண்வெட்டியால் கொத்தினால் பழுதாகுமென்று, தண்ணீரைப் பீச்சிப் பீச்சி மண்ணைக் கரைத்து, 11 ஆண்டுகளில் 55,000-க்கு மேற்பட்ட பொருள்களை எடுத்தார். தோண்டிய இடத்தை மூடிவிட்டார்கள். எடுத்தவை யாவும் பல்கலைக்கழகத்துக்குப் போகாமல், நியா பே என்னும் ஊரில் அந்த மக்களே 1979-இல் திறந்த காட்சிசாலையில் இருக்கின்றன. திரும்பும்போது அங்கேயும் போனோம். திமிங்கிலத்தின் முதுகுத் துடுப்பைச் சீடார் மரத்தில் செதுக்கி, கடல்நீர்நாய்ப் பற்கள் எழுநூற்றுக்கு மேல் பதித்திருக்கும் ஒரு சிற்பத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். நம் கோயில் வாகனங்களைச் செய்யும் ஆசாரிகள் அதைப் பார்க்க வேண்டும்.

அந்தக் கிராமத்தைக் கடைசியில் காலியாக்கியது மண்சரிவு அன்று. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியே தீர வேண்டும் என்று சர்க்கார் கட்டாயப்படுத்த, பள்ளிக்கூடமோ நியா பேயில் இருக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்துபோயின. சாலை வேண்டாமென்று நடப்பதற்குக்கூட, வேறு எங்கேயோ சாலையோரத்தில் நல்ல வீடு ஒன்று இருக்க வேண்டும் போலும். நீதிபதியின் பெருமையைக் குறைத்துச் சொல்வதாகத் தாங்கள் எண்ணக் கூடாது. அவர் நடந்திராவிட்டால் குழந்தை நத்தைக்காக நின்ற இடத்தில் இன்று பெட்ரோல் பங்க் இருந்திருக்கும். பதாகை பிடித்துக்கொண்டு நின்றவர்களிடமும் கொஞ்சம் நியாயம் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான். நெட்டையரிடம் இதைச் சொன்னேன். அவர் தவிட்டுக் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபடியால் உடனே பதில் சொல்ல இயலவில்லை.

சந்தியாவந்தனம் காலந் தவறாமல் நடக்கிறதா என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறீர்கள். ஆனி மாதத்தில் இங்கே சூரியன் ராத்திரி ஒன்பதே காலுக்கு அஸ்தமிக்கிறான். அதுவரையில் சாப்பிடாமல் காத்திருப்பது எந்தத் தர்மசாஸ்திரத்துக்குச் சம்மதம் என்பதைத் தாங்களே விசாரித்து எழுத வேண்டும். நாங்கள் ஏழரைக்கே புளியோதரையை முடித்துவிட்டோம். நெட்டையர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கண்ணில் நீர் வழிய, ஊறுகாயைத் தனியாக ஒரு தடவை கேட்டார். நடுநிசியில் ஏதோ உருளும் சப்தம் கேட்டு விளக்கைப் போட்டுப் பார்த்தால், இரண்டு ரக்கூன்கள் எங்கள் டப்பாவை மணலில் இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தன. திறக்க முடியவில்லை, ஆனாலும் பெருங்காய வாசனை அவற்றைப் போகவிடவில்லை. விளக்கொளி பட்டவுடன், வீட்டுக்காரர் தூங்குகிற நேரத்தில் எழுப்பிவிட்டோம் என்கிற சங்கோசம் சற்றுமில்லாமல், டப்பாவின்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தன.

மறுநாள், அட்டவணை சொன்ன முகூர்த்தத்தில், கரையோடு தெற்கே நடந்தோம். கல்யாணப் பாறைகள் என்று வழங்கும் இடத்தில், மாக்கா முன்னோர்கள் பாறையிலேயே பொளிந்த திமிங்கிலங்களும் மனித முகங்களும் இருக்கின்றன. பாய்மரக் கப்பலொன்றையும் யாரோ பார்த்துச் செதுக்கிவைத்திருக்கிறார். அங்கிருந்து மணல் முனை வரை போய், மறுபடி காட்டுக்குள் புகுந்து ஏரிக்குத் திரும்பினோம். மொத்தம் முக்கோணமாகச் சுமார் 15 கிலோமீட்டர். குழந்தை கடைசி இரண்டு கிலோமீட்டரை நெட்டையரின் தோள்மேல் கடந்தாள். உலகத்தின் விளிம்பைப் பற்றி அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை.

சித்திக்கு என் நமஸ்காரத்தைச் சொல்லி, சந்நியாசி ஐந்து கிலோ இளைத்திருப்பதாகத் தெரிவித்தால் போதும். அதைக் கேட்டு மறுபடி கவலைப்பட்டால், இளைக்கவில்லை என்கிற உண்மையைச் சொல்லிவிடலாம். நெட்டையர் ஆவணியில் மறுபடி கூப்பிடுகிறார். ஆகையால் வருகிறவர் யாரிடமாவது நம்மூர் அப்பளம் நான்கு கட்டு கொடுத்தனுப்ப வேண்டும். அந்தக் கரடி டப்பாவின் வாய் குறுகலாக இருப்பதால், அப்பளம் ஒரு சாணுக்கு மிகாத வட்டத்தில் இருப்பது உசிதம் என்று இடுகிறவர்களிடம் தாங்கள் நேரில் சொல்ல வேண்டும்.

இப்படிக்குத் தங்கள் பிரியமுள்ள,
அண்ணா பிள்ளை.