விட்டவன் விழுக்காடு: சமைப்போர்க்குத் தரும் பரிசு குறித்து ஓர் ஆராய்ச்சி

சமையலில் பித்துப் பிடித்தவருக்கு என்ன பரிசு கொடுப்பது என்பது பற்றித் தமிழில் இலக்கண நூல் எதுவும் கிடையாது. கல்யாணத்துக்குக் குத்துவிளக்கு, குழந்தைக்குக் கொலுசு, புதுவீட்டுக்குச் சுவர்க்கடிகாரம் என்று மற்றவர்க்கெல்லாம் விதி வகுத்த நம் மரபு, அடுப்படியை விட்டு நகராதவர்களை மட்டும் அந்தரத்தில் விட்டுவிட்டது. அக்குறை போக்கவே இச்சிற்றாய்வு. ஆய்வுக்களம் திருப்பதியும் சித்தூரும். முன்னதில் கொடுத்ததும் தின்றதும் கல்லில் வெட்டிக் கிடக்கின்றன. பின்னதில் என் பெரியம்மா இருக்கிறார். முதல் சான்று அழியாதது, இரண்டாவது அடங்காதது.

கல்லை முதலில் பார்ப்போம். திருமலையிலும் கீழ்த்திருப்பதிக் கோயில்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உண்டு, பெரும்பாலானவை தமிழ். 1930களில் தேவஸ்தானம் இவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டது. வரலாற்று அறிஞர்கள் அவற்றில் அரசர் பெயரையும் நிலக்கொடையையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பசியோடு படிப்பவர் கண்ணில் படுவது வேறு, படையல் பெயர்கள்: திருப்போனகம், அப்பப்படி, அதிரசப்படி, வடைப்படி, சுகியன்படி, தோசைப்படி, மனோகரப்படி. அரிசி இத்தனை, நெய் இத்தனை, சர்க்கரை இத்தனை, மிளகு இத்தனை என்று அளவும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். இன்றைய சமையல் புத்தகங்களில் 'உப்பு தேவையான அளவு' என்று எழுதித் தப்பித்துக்கொள்பவர்கள் ஒருமுறை மலையேறிப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

1513இல் விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் முதல் முறையாகத் திருமலைக்கு வந்தபோது, தேவியர் திருமலாதேவியும் சின்னாதேவியும் பெருமாள் பால் அமுது செய்ய ஆளுக்கொரு பொற்கிண்ணம் கொடுத்தார்கள். உண்பவருக்குப் பாத்திரம் பரிசளிக்கும் வழக்கத்துக்கு இதைவிடப் பளபளப்பான சான்று வேண்டியதில்லை. ஆனால் ஒரே நாளில், ஒரே வீட்டார் இருவர், ஒரே பரிசு! கல்யாண வீட்டில் சித்தியும் அத்தையும் ஒரே மாதிரி ஹாட்பாக்ஸ் கொண்டுவந்து நிற்பது போன்ற நிலைமை. கலந்து பேசி வாங்கினார்களா, பேசாததால் வாங்கினார்களா என்று அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் நானே தொடங்கி வைக்கிறேன்: பேசவில்லை என்பது என் கட்சி.

இந்த ஆய்வின் உயிர்நிலை வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒருவர் கிராமத்தையோ பணத்தையோ கோயிலுக்கு எழுதிவைத்து, அதன் வருமானத்தில் நாள்தோறும் இன்ன படையல் நடக்கட்டும் என்று ஏற்பாடு செய்தால், படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கே திரும்பி வரும். இதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். மற்ற முக்கால் பங்கு கோயில் கணக்குப்படி ஊழியர்க்கும் அடியார்க்கும் பிரியும். கொடுத்தவர் தம் கால் பங்கைத் தமக்கே வைத்துக்கொள்ளலாம், மடத்துக்கு எழுதிவைக்கலாம். சந்திராதித்தவரை, அதாவது சந்திர சூரியர் உள்ளவரை, இந்த ஏற்பாடு செல்லும். அரிசியும் நெய்யும் உள்ளே போகின்றன; அதிரசம் வெளியே வருகிறது; கொடுத்தவர் இலையிலும் கொஞ்சம் விழுகிறது. சாளுவ நரசிம்மர் சந்திரகிரியிலிருந்து படையல்களைப் பெருக்கிய 15ஆம் நூற்றாண்டிலும், அதற்குப் பிறகும், கொடையாளிகள் யாரும் இதற்குக் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை. கூச்சப்படுகிறவர் கல்லில் வெட்டச் சொல்வாரா?

இதிலிருந்து நாம் பெறும் விதி: சமைப்பவருக்குத் தரும் பரிசில் கால் பங்காவது சமைந்து திரும்ப வேண்டும். வராவிட்டால் அது பரிசு ஆகாது, செலவு.

இனி இந்த உரைகல்லில் ஒவ்வொன்றாக உரைப்போம். திருப்பதி போனவர் எவரும் யோசிக்காமல் கொண்டுவருவது லட்டு. 2009இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம். பத்திரிகைகளில் பலமுறை அச்சான 'திட்டம்' என்னும் பொருள் அளவுப் பட்டியல் ஒன்றின்படி 5,100 லட்டுக்குச் சர்க்கரை 400 கிலோ, கடலை மாவு 180, நெய் 165, முந்திரி 30, திராட்சை 16, கற்கண்டு 8, ஏலக்காய் 4. ஆக 803 கிலோ. வகுத்தால் லட்டு ஒன்றுக்கு 157 கிராம் வருகிறது. கையில் கிடைக்கும் சின்ன லட்டோ 175 கிராம். மீதி 18 கிராம் எங்கிருந்து வந்தது? பாகில் நின்ற தண்ணீர் என்பார் ஒரு சாரார். பெருமாள் கடாட்சம் என்பார் மறு சாரார். இரு சாராரும் பேசிக்கொண்டிருக்கும்போதே லட்டு தீர்ந்துவிடுவதால் வழக்கு நிலுவையில் இருக்கிறது.

லட்டின் பெருமை வேறு, பரிசாக அதன் தகுதி வேறு. நான் லட்டைக் கொடுத்தபோது பெரியம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓரத்தில் ஒரு துணுக்கு பிட்டார். முகர்ந்தார். பூந்தியை விரலிடுக்கில் நசுக்கிப் பார்த்தார். வாயில் போட்டு, நெற்றியைச் சுருக்கினார். பச்சைக் கற்பூரம் பற்றியோ பாகுப் பதம் பற்றியோ ஏதோ ஒன்று புறப்பட்டு உதடுவரை வந்துவிட்டது. பிரசாதத்தைக் குறை சொல்ல முடியுமா? வாய்வரை வந்த விமர்சனம் 'கோவிந்தா' என்று உருமாறி வெளியே வந்தது. குறை சொல்ல முடியாத பண்டத்தைச் சமைப்பவரிடம் கொடுப்பது ஒருவகைக் கொடுமை. தவிர, அது ஏற்கெனவே முடிந்த பண்டம். அதில் அவர் செய்ய ஒன்றுமில்லை, பிட்டுப் பிட்டுத் தெருவுக்கு விநியோகிப்பதைத் தவிர.

பாத்திரவகை பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நான் வாங்கிக் கொடுத்த நான்ஸ்டிக் கடாயில் மொட்டை மாடியில் வடகம் காய்கிறது.

சித்தூர்க்காரருக்கு மாம்பழம் கொடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஆனி மாதம் கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கூழ் ஆலை வாசலில் வரிசைகட்டி நிற்கும் ஊர் அது. கேள்வியே தள்ளுபடி.

ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரித் துணி கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. பார்வைக்கு இது சமையலோடு சேராது. ஆனால் செய்முறையைக் கேளுங்கள்: துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்து ஊறவைக்கிறார்கள். கறுப்புக்கு, துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு வாரக்கணக்கில் புளிக்கவிடுகிறார்கள். பால், வெல்லம், ஊறல், புளிப்பு, பொறுமை; பாதிச் சமையல் ஆயிற்று. பெரியம்மாவிடம் இதை விளக்கிச் சொல்லித்தான் கொடுத்தேன். "எருமைப்பாலையா கொட்டினாங்க?" என்று பாலுக்காக வருந்தினார். துணி பீரோவுக்குள் போயிற்று. கால் பங்கு வரவில்லை.

கடைசியாகக் கொடுத்தது புளி. கொட்டையும் நாரும் எடுக்காத புதுப்புளி, இரண்டு கிலோ. வாங்கிக்கொண்டதும் தொடங்கியது வசை.

"ஏம்பா, இதைப் போயி காசு குடுத்து வாங்கினியா? பாதி கொட்டை. இந்த நாரை யாரு எடுக்கறது?"

எடுத்தது அவர்தான். முறத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொட்டை தனியாக, கோது தனியாக, வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் என் விவரமில்லாமையை விவரித்தபடி. அந்த முகத்தில் இருந்த திருப்தியை லட்டின்போது நான் பார்க்கவில்லை. பிறகு ஒருநாள் புளிக்காய்ச்சல் வந்தது. நல்லெண்ணெய் மேலே மிதக்க, வேர்க்கடலையும் வெந்தயப் பொடியும் போட்டு, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில். பாட்டில் அரைக் கிலோ பிடிக்கும். கொடுத்தது இரண்டு, வந்தது அரை. விஜயநகர காலத்து வாய்பாடு ஒரு குன்றிமணி பிசகவில்லை.

இங்கே பூர்வபட்சம் ஒன்று எழும். திரும்பி வரும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது சுயநலமல்லவா? அல்ல. சமைக்கிறவருக்குச் சமைப்பதைவிடப் பெரிய ஆசை ஒன்று உண்டு: சாப்பிட்டவன் அடுத்த முறை வந்து கேட்பது. காலிப் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுக்கப் போகிறவன்தான் அந்த ஆசையை நிறைவேற்றுகிறான். கால் பங்கை மறுப்பவன் அவரை அவமதிக்கிறான். பாட்டிலை வெறுமனே திருப்பிக் கொடுப்பதும் வழக்கமில்லை. கொஞ்சம் சர்க்கரையோ வெல்லமோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். அதற்குக் கால் பங்கு எவ்வளவு என்பது தனி ஆய்வுக்குரியது.

புறனடை ஒன்று உண்டு. சமையலில் ஆசை மிகுந்து, கைப்பக்குவம் மட்டும் வாய்க்காதவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். யூடியூப் பார்த்து ரவையில் பீட்சா செய்கிறவர்கள். விட்டவன் விழுக்காடு இவர்களிடமிருந்தும் தவறாமல் வரும். சூடாக, அதுவும் நாம் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வரும். இவர்களுக்குப் புளி, வெல்லம், மாவு, மசாலா எதுவும் தரலாகாது. லட்டே உத்தமம். கிடைத்தால் பெரிய கல்யாண உற்சவ லட்டாகவே வாங்கிக் கொடுத்துவிடலாம்.