கருந்திரையியல்: தொலைத்திரைக் கோளாறுகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

தொலைத்திரை என்பது ஓரிடத்துக் கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்து காண்பதும், வேண்டுமாயின் அதன் மவுஸைப் பிடித்து ஆட்டுவதும் ஆகும். இதற்கு இருவர் தேவை. தம் திரையைத் திறந்து வைப்பவர் காட்டுவார். தொலைவிலிருந்து பார்ப்பவர் காண்பார். காட்டுவார் பெரும்பாலும் கும்பகோணத்தில் பணி ஓய்வு பெற்ற தந்தை. அல்லது ஈரோட்டில் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்தாக வேண்டிய ஜவுளிக்கடைக் கணக்கர். காண்பார் நியூஜெர்சியில் மகனாகவோ, சென்னையில் டேலி கணக்கு மென்பொருளைப் பழுது பார்ப்பவராகவோ இருப்பார். இவ்விருவருக்கும் நடுவே ஒரு தொலைபேசி உண்டு. துறை நூல்கள் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் திரை தெரியாதபோது நடக்கும் பழுதுபார்ப்பு முழுவதும் அதன் வழியே நடப்பதால், தொலைத்திரைக் கருவியின் தலையாய உறுப்பு தொலைபேசியே என்பது இவ்வாய்வின் கருதுகோள்.

இத்துறையின் பழஞ்சான்று 1968 டிசம்பர் 9 அன்று சான்பிரான்சிஸ்கோவில் கிடைக்கிறது. டக்ளஸ் எங்கல்பார்ட் அன்று ஒன்றரை மணி நேரம், சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்த தம் ஆய்வுக்கூடக் கணினியை மேடையிலிருந்தே இயக்கிக் காட்டினார். அரங்கில் இருந்தோரில் பலர் மவுஸ் என்ற பொருளைக் கண்டதும் அன்றுதான். அந்தக் கோடியில் இருந்த சக ஆய்வாளரும் இவரும் ஒரே திரையைப் பார்த்தனர். பார்த்தபடியே பேசிக்கொண்டும் இருந்தனர். எங்கல்பார்ட் தலையில் மாட்டியிருந்த ஒலிக்கருவி மேற்படி கருதுகோளுக்கு வலுவான சான்று.

அடுத்த சான்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் 1990களில் தோன்றிய விஎன்சி என்ற தொலைத்திரை மென்பொருள். அதை ஆக்கிய குழுவில் இருந்த குவென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர், 1991இல் அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில், பாத்திரத்தில் காபி மிச்சம் இருக்கிறதா என்று நாற்காலியை விட்டு எழாமலே பார்க்க வழி செய்தவர்களுள் ஒருவர். சோம்பலே இத்துறையின் தாய் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது அவசரம். மறுப்பதற்கும் சான்று இல்லை. 1998இல் மைக்ரோசாஃப்ட் தன் டெர்மினல் சர்வரோடு ஆர்டிபி நெறியைக் கொண்டுவந்தது. டீம்வியூவர் 2005இலும் எனிடெஸ்க் 2014இலும் ஜெர்மனியில் தொடங்கப்பட்டன. இன்று டேலி வட்டாரத்தில் “எனிடெஸ்க் நம்பர் சொல்லுங்க சார்” என்பதே முகமன்.

கோளாறுகளைப் பகுக்குமுன் ஒரு வேறுபாட்டை நிறுவ வேண்டும். விண்டோஸோடு வரும் ரிமோட் டெஸ்க்டாப்பில் காண்பார் உள்ளே நுழைந்ததும் காட்டுவாரின் திரை பூட்டிக்கொள்ளும். ஒருவருக்கே அங்கு இடம். கும்பகோணத்தார் “ஆஃப் ஆயிடுச்சுடா” என்று பவர் பொத்தானை அழுத்துவது இக்கட்டத்தில்தான். தவிர, விண்டோஸின் ஹோம் பதிப்பிலிருந்து இவ்வழியே பிறர் கணினிக்குள் போகலாம். அதற்குள் எவரும் வர இயலாது. வீட்டு மடிக்கணினிகளில் பரவலாக இருப்பதோ ஹோம் பதிப்பு. ஆகவே குடும்பத்தாரும் கடைக்காரரும், காட்டுவாரும் காண்பாரும் சேர்ந்து பார்க்கும் எனிடெஸ்க் வகையையே நாடுகின்றனர். இனிச் சொல்லப்படுவன அவ்வகைக்கு உரியவை.

முதற்கோளாறு எண்ணில் எழுவது. எனிடெஸ்க் ஒவ்வொரு கணினிக்கும் 9 அல்லது 10 இலக்க எண் தருகிறது. பத்து இலக்கம் கேட்டால் செல்போன் எண்ணைச் சொல்வது மனித இயல்பு. “அது என் நம்பர்தானேப்பா, அதுலதானே பேசிட்டு இருக்கோம்” என்ற மறுமொழியோடு ஆய்வு மீண்டும் முதலிலிருந்து தொடங்கும்.

இரண்டாவது கோளாறு முகவரி பற்றியது. காட்டுவாரின் கணினிக்கு ரவுட்டர் கொடுத்திருக்கும் முகவரி 192.168.1.5 போன்ற ஒன்று. 1996இல் வெளியான விதிப்படி இத்தகைய எண்களை வீட்டுக்குள் எவரும் வைத்துக்கொள்ளலாம். ஊர் பெயர் இல்லாமல் “5, காந்தி சாலை” என்று எழுதிய கடிதத்துக்கு என்ன கதியோ அதுவே வெளியிலிருந்து இம்முகவரியைத் தேடுவோருக்கும். உலகுக்கெல்லாம் பழைய முறையில் இருந்தவை ஏறத்தாழ 429 கோடி முகவரிகள்தாம். அவற்றுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதால் இணைய நிறுவனங்களே பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குள் அடைக்கத் தொடங்கின. அதற்கென 2012இல் ஒதுக்கப்பட்ட தொடர் 100.64 முதல் 100.127 வரை. ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி இத்தொடரில் இருந்தால், அதில் போர்ட் திறந்துவிட்டு வாசலில் காத்திருப்பது வீண்; தெருவுக்கே வேறொரு பூட்டு உண்டு.

எனிடெஸ்க் போன்றவை இதைச் சாமர்த்தியமாகக் கடக்கின்றன. இரு கணினிகளும் வெளியே இருக்கும் நடுவண் சர்வரை அழைக்கும். உள்ளிருந்து வெளியே போவதை ரவுட்டர் தடுப்பதில்லை. அந்தச் சர்வர் இருவருக்கும் மற்றவர் இருப்பிடத்தைச் சொல்லி நேர்வழி முயலும். அது கூடாவிடில் தானே நடுவில் நின்று படத்தைக் கைமாற்றும். அலுவலக ஃபயர்வால் இதையும் மறிப்பதுண்டு. அப்போது செல்போன் ஹாட்ஸ்பாட்டுக்கு மாறிப் பார்த்தால், பழி நெட்வொர்க்குக்கா கணினிக்கா என்பது தெளியும். உண்மையில் இவ்வியலில் பயன்தரும் சோதனை இது ஒன்றே. ரவுட்டரை அணைத்துப் போடும் மரபு குறித்து அறிஞர் கருத்து வேறுபட்டாலும் எவரும் அதைக் கைவிட்டதில்லை. ஆனால் தொலைபேசி அதே வைஃபையில் வாட்ஸாப் அழைப்பாக இருந்தால், ரவுட்டரோடு மருத்துவரும் மறைவார்.

மூன்றாவதும் பெரியதுமான கோளாறு கருந்திரை. இணைப்பு உண்டு, ஓசை உண்டு, மவுஸ்கூட நகரும். திரை மட்டும் கருப்பு. “உனக்குத் தெரியுதா?” என்று காட்டுவாரும் “கருப்பா இருக்குப்பா” என்று காண்பாரும் சொல்வர். காட்டுவார் உடனே தம் திரையைப் பார்த்து, “இல்லையே, நல்லா இருக்கே” என்பார். இருவரும் உண்மையே பேசுகின்றனர் என்பது இந்நிலையின் சிறப்பு.

காரணங்கள் பல. மானிட்டரே மாட்டாத கணினியில் வரைவதற்குத் திரை இல்லாததால் கருப்பு. போலி மானிட்டராக நடிக்கும் ஒரு சிறு எச்டிஎம்ஐ செருகி அதைத் தீர்க்கும். மேக் கணினிகளில் 2019இன் கேடலினா முதல், திரையைப் பதிவு செய்யத் தனியே அனுமதி தர வேண்டும். தராவிடில் பின்னணிப் படம் மட்டும் தெரிந்து, திறந்த சாளரங்கள் எல்லாம் மறைந்திருக்கும். காப்புரிமைப் பூட்டுள்ள திரைப்படம் ஓடும் இடமும், செல்போனில் பல வங்கிச் செயலிகளும் வேண்டுமென்றே கருப்பாகும். இவற்றைக் கோளாறெனக் கொள்ளாது ஒழுக்கமெனக் கொள்க.

தத்துவச் சிக்கல் உடையது விண்டோஸின் அனுமதிக் கேள்வி. ஏதேனும் நிறுவ முனைந்தால் திரை மங்கி “ஆம், இல்லை” என்று ஒரு பெட்டி எழும். எனிடெஸ்க்கை முறையாக நிறுவாமல் இறக்கியபடியே ஓட்டினால் இப்பெட்டி காண்பாருக்குத் தெரியாது. அவருக்குத் திரை உறைந்து நிற்கும். ஆக, எதை அழுத்துவது என்று அறியாததால் உதவி கேட்டவர் ஒருவரே அதை அழுத்த இயலும். இங்கு தொலைபேசியின்றி ஓரடியும் நகராது. “மஞ்சளா ஒண்ணு வந்திருக்கு, அழுத்தட்டுமா?” “என்னப்பா எழுதியிருக்கு, படிங்க.” தந்தை படிக்கத் தொடங்குவது திரையின் மேல் மூலையிலிருந்து.

மந்தம் நான்காவது. 1920க்கு 1080 அளவுள்ள திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட், நொடிக்கு 30 படம் என்றால் நொடிக்குச் சுமார் 150 கோடி பிட். அவ்வளவையும் அனுப்ப இயலாது. மாறிய பகுதிகளை மட்டும் சுருக்கி அனுப்புவதே முறை. எனவே ஓரத்தில் ஒரு விளம்பரம் ஆடிக்கொண்டிருந்தாலும் சுமை கூடும். அதோடு, படத்தை அனுப்புபவர் காட்டுவார் ஆதலின், விளம்பரங்களில் பெருமையடிக்கும் டவுன்லோடு வேகம் இங்கு உதவாது. அப்லோடு வேகமே கணக்கு. தொலைவுக்கும் பங்குண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னைக்கும் நியூஜெர்சிக்கும் இடையே நேராகச் சுமார் 13,500 கிலோமீட்டர். போய்வர 135 மில்லிசெகண்டு ஆகியே தீரும், கேபிள் சுற்றிப் போவதால் மேலும் ஆகும். மவுஸ் நகரவில்லை என்று காண்பார் மறுபடி ஆட்டுவார். இரண்டு ஆட்டமும் சேர்ந்து வந்து சேரும்.

இதனின்று கிளைப்பது இருமவுஸ் நிலை. இருவர் கையும் ஒரே அம்பை இழுக்க, அது நடுவில் நடுங்கும். உதவும் ஆர்வம் மிக்க காட்டுவாரிடம் இது மிகுதி. “அப்பா, கையை எடுங்க” என்பதே வழங்கிவரும் மருந்து.

வாயிலைத் திறப்பது யாருக்கு என்பதும் இவ்வாய்வுக்கு உட்பட்டதே. வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி எனிடெஸ்க்கை இறக்கவைத்து, எண்ணைக் கேட்டு, பணத்தைச் சுருட்டும் மோசடி குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் எச்சரித்தது. இவ்வகையில் இணைப்பு ஒருபோதும் தடைப்படுவதில்லை என்பது ஆய்வாளரை உறுத்தும் உண்மை. தானாக அழைத்து எண் கேட்பவர் எவராயினும் கொடுக்கலாகாது. மகன் கேட்டாலும் குரல் அறிந்தே கொடுக்க வேண்டும்.

இறுதிக் கோளாறு எல்லாம் சரியான பின் வருவது. வேகம் கூட்டுவதற்காக இக்கருவிகளில் சில காட்டுவாரின் பின்னணிப் படத்தை இணைப்பு உள்ளவரை நீக்கிவைக்கும். முறையாக முடித்தால் திரும்ப வைக்கும். இடையில் கரண்ட் போனாலோ வைஃபை அறுந்தாலோ சில சமயம் வைக்காது. மறுநாள் காலை தொலைபேசி ஒலிக்கும். பிரிண்டர் வேலை செய்கிறது, மெயில் வருகிறது, ஆனால் திரையில் இருந்த சுவாமிமலை முருகனைக் காணோம். செட்டிங்ஸில் பெர்சனலைசேஷன், அதில் பேக்ரவுண்டு என்று வாயால் வழி சொல்லிப் பார்ப்பது வழக்கம். சுமார் கால் மணி நேரத்தில் காண்பார் எண்ணைக் கேட்பார்.