டூர் பாய்

வண்ணாரப்பேட்டையில் இருந்துகொண்டு ஓய்வெடுக்க முடியாது என்பது டூர் பாயின் கொள்கை. ஓய்வு என்பது வெளியூர் போய்ப் பிடித்துவர வேண்டிய சரக்கு. எம்.சி. ரோட்டில் ரெடிமேட் மொத்த வியாபாரம் பார்க்கிறவருக்கு எல்லாமே அப்படித்தான் தெரியும். தீபாவளி, பொங்கல், ரம்ஜான் என்று ஊரே லீவு போடும் சமயத்தில் அந்த ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது. பாய் கல்லாவை விட்டு எழ முடியாது. மிச்சம் இருப்பது சுதந்திர தினம். அதுவும் வெள்ளியிலோ திங்களிலோ விழ வேண்டும். 2025-ல் வெள்ளிக்கிழமை விழுந்தது. பாய்க்குப் பயணக் காய்ச்சல் கண்டதும் அப்போதுதான்.

பெயர் எதற்கு? இந்தப் பக்கம் மசூதி இருக்கிற எந்தத் தெருவுக்குப் போனாலும் இவரைப் பார்க்கலாம். எல்லா டிக்கெட்டும் போனிலேயே இருக்கும். இருந்தாலும் ரெண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் கவரில் போட்டு அக்குளில் வைத்திருப்பார். போகாத ஊரைப் பற்றிப் போய்வந்தவரைத் திருத்துவார். "நீங்க அந்த ஸ்டாப்ல இறங்கியிருக்கக் கூடாது சார்" என்பார். நாம் இறங்கி, பார்த்து, திரும்பி வந்து வருஷம் ஆகியிருக்கும்.

2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஊருக்கு அது ஒரு பத்திரிகைச் செய்தி. பாய்க்கு இழவு. திட்டம் போடுகிற சுகத்தில் பாதியைப் பிடுங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று புலம்பினார். புலம்பிக்கொண்டே "ஹைதராபாத் ரிலாக்ஸ்" என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். வீட்டு ஆட்கள், மச்சான் குடும்பம், சம்பந்தி வீடு எல்லோரும் அதில் உண்டு. பயணம் வராத என்னையும் ஏன் சேர்த்தார் என்றால், சாட்சி வேண்டுமாம்.

சார்மினார் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் புறப்பட்டு எழும்பூர் வழியாகப் போகிற வண்டி. எழும்பூரிலிருந்து வடக்கே போகிற வண்டி பீச், ராயபுரம் தாண்டி வண்ணாரப்பேட்டை ஸ்டேஷனுக்குள் புகுந்துதான் போகும். நிற்காது. அதாவது பாயும் பரிவாரமும் மூட்டை முடிச்சோடு தியாகராயா கல்லூரி மெட்ரோவில் ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்கி, வண்டி பிடித்து, திரும்ப வீட்டு வாசலுக்கே வந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டே ஹைதராபாத் போக வேண்டும்.

"ஏம்ப்பா, இங்க வரும்போது மெதுவாத்தானே வருது, அப்படியே ஏறிக்கக் கூடாதா?" என்று பாயின் அம்மா கேட்டார். அந்த யோசனையின் நியாயத்தை மறுக்க யாராலும் முடியவில்லை. பாய் மட்டும், "அது பிளான்ல இல்லம்மா" என்றார்.

அடுத்தது ஹலால் விசாரணை. இதில் நான் பாயின் பக்கம். ஊட்டி, கொடைக்கானல் போனால் அந்தக் கேள்விகளுக்கு அர்த்தம் உண்டு. போர்டில் ஹலால் என்றிருக்கும். கறி எங்கே வாங்குகிறீர்கள் என்றால் சர்வர் முதலாளியைப் பார்ப்பார், முதலாளி மேற்கூரையைப் பார்ப்பார். கறி சரி என்றாலும் ஜெலட்டின் இருக்கிறதா, கேக்கில் ரம் ஊற்றினார்களா, கீழ்த்தளத்தில் பார் இருக்கிறதா என்று ஒரு பட்டியல் நீளும். கடைசியில் மூன்று நாளும் தயிர்சாதம் தின்று திரும்பிய குடும்பம் அது. வெள்ளிக்கிழமை சைவம் கடைப்பிடிக்கிற என் சொந்தக்காரர்கள் ஹோட்டலில் கரண்டி வரைக்கும் விசாரிப்பதோடு ஒப்பிட்டால் பாய் கேட்பது கொஞ்சம்தான்.

ஆனால் பழக்கம் விடுமா? சார்மினார் பக்கத்து லாட்ஜுக்குப் போன் போட்டு, தமிழில் யோசித்து உருது மாதிரி பேசினார். "சாப்பாடு ஹலால் ஹை நா?"

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "பாய், இது சார்மினார்."

"தொழறதுக்குக் கிப்லா எந்தப் பக்கம்னு ரூம்ல அம்புக்குறி ஒட்டியிருக்கா?"

"ஜன்னலைத் திறந்தா மக்கா மஸ்ஜித் தெரியும் பாய்."

போனை வைத்தபோது பாயின் முகம் வாடியிருந்தது. விசாரணைக்கே வேலையில்லாத ஊருக்கு எதற்குப் போக வேண்டும்? பாங்கு சொன்னால் தொழுகை, தெருவுக்குத் தெரு பிரியாணி, கையேந்தினால் இரானி டீ. இவர் கண்டுபிடிப்பதற்கு அங்கே ஒன்றும் பாக்கியில்லை.

எனவே நிகழ்ச்சி நிரலில் இறங்கினார். ஃபஜர் தொழுகை முடிந்ததும் நிம்ரா டீக்கடையில் டீயும் உஸ்மானியா பிஸ்கட்டும். பிறகு முகம்மது குலி குதுப் ஷா 1591-ல் கட்டிய சார்மினார். கோல்கொண்டாவில் ஃபதே தர்வாசாவுக்குக் கீழே நின்று கைதட்டினால் உச்சியில் இருக்கிற பாலா ஹிஸாரில் கேட்கும். படையெடுப்பை அறிவிக்க அந்தக் காலத்து ஏற்பாடு என்பார்கள். பாய் அதில் வருகைப் பதிவு எடுக்கத் தீர்மானித்தார். கீழே அவர் ஒரு தட்டு, மேலே ஆளுக்கு ஒரு தட்டு. சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் ஒரு பழைய கடிகாரம் உண்டு. மணிக்கொரு தரம் தாடிக்கார பொம்மை ஒன்று வெளியே வந்து மணியடித்துவிட்டு உள்ளே போகும். அதைப் பார்க்கக் கூட்டம் முன்கூட்டியே உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டடத்தில் பாய் உண்மையாக மதித்தது அந்த ஓர் ஊழியரைத்தான். மதியம் 2.15 முதல் 2.45 வரை "ரிலாக்ஸ்" என்று போட்டு அடியில் கோடும் இழுத்திருந்தார்.

பிரயாணிக்கு நாலு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ள மார்க்கமே சலுகை தந்திருக்கிறது. பாய் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டார். வேறு எதையும் சுருக்கவில்லை.

குண்டு விழுந்தது வியாழக்கிழமை மதியம். பத்தர்கட்டியில் துணி வியாபாரம் செய்கிற ஹைதராபாத் நண்பர் சும்மா போன் செய்து, "நாளைக்கா வர்றீங்க? நாளைக்கு என்ன பாக்கப் போறீங்க?" என்று கேட்டார். சாலார் ஜங் வெள்ளிக்கிழமை லீவு. சௌமஹல்லா அரண்மனையும் வெள்ளிக்கிழமை லீவு. சரி, கோல்கொண்டா? 2014 முதல் தெலங்கானா அரசு வழக்கமாகச் சுதந்திர தினக் கொடியேற்றுவது அந்தக் கோட்டையில்தான். காலையில் முதலமைச்சரும் போலீசும் இருக்கிற இடத்தில் இவர் எங்கே போய்க் கைதட்டுவது?

வெள்ளி ஜும்மா மக்கா மஸ்ஜிதில் என்பதை முதல் வரியிலேயே எழுதியவர். ஊரிலிருக்கிற மற்ற கட்டடங்களுக்கும் அதே வெள்ளிக்கிழமைதான் என்பது தோன்றவில்லை. என்னிடம் சொல்லும்போது குரல் கம்மியது. "சார், மக்கா மஸ்ஜித் கட்டி முடிக்க எத்தனை வருஷம் தெரியுமா? குதுப் ஷாஹி சுல்தான் ஆரம்பிச்சு, ஔரங்கசீப் வந்து 1694-ல முடிச்சாரு. எழுபது வருஷத்துக்கு மேல. நமக்கு அறுபது நாள்தான் குடுக்குறாங்க."

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று பாயின் மனைவி வந்து சொன்னார். லாட்ஜில் எல்லோரும் ஜும்மா நேரம் வரை தூங்கினார்கள். தொழுதுவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டார்கள். பாயின் அம்மா தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கத்திரிக்கா எங்கடா?" என்று கேட்டார்; மிளகாய் சாலன்தான் வந்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் கத்திரிக்காய் வைக்காத கடை உள்ள ஊரில் நிஜாம்கள் எப்படி அவ்வளவு காலம் ஆண்டார்கள் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை. பிறகு மறுபடியும் தூங்கினார்கள். சாயங்காலம் பெண்கள் லாட் பஜாரில் அரக்கு வளையல் பேரம் பேசப் போய் இஷா தொழுகை நேரம் வரைக்கும் திரும்பவில்லை. அவசரப்படுத்த ஆளில்லை. காரணம், "இதோ வந்துட்டேன்" என்று பத்தர்கட்டிப் பக்கம் போன பாய், துப்பட்டா என்ன ரேட், ஜிஎஸ்டி பில் உண்டா, லாரியில் மாதவரம் வரை போடுவீர்களா என்று கடைகடையாக விசாரித்துக்கொண்டு விசிட்டிங் கார்டு நீட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணமாகி இப்படி ஒரு நாள் அமைஞ்சதில்லைங்க" என்றார் அந்த அம்மாள். சனியும் ஞாயிறும் திட்டப்படி நடந்ததாம். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

பாயின் கணக்கில் வெள்ளிக்கிழமை ஒரு விபத்து. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் குழு ஆரம்பித்தாயிற்று, என்னையும் சேர்த்தாயிற்று. திப்பு சுல்தானின் சமாதியான கும்பஸ் எத்தனை மணிக்குத் திறக்கும், பக்கத்தில் ஹலால் கடை எது, தொழ இடம் எங்கே என்று விசாரணை நடக்கிறது. கேலி பேசுகிறேனே தவிர, இவர் மட்டும் இல்லையென்றால் அந்தத் தெருவில் பாதிப்பேர் மெரினாவைத் தாண்டியிருக்க மாட்டார்கள். பெரிய குடும்பத்தை வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளப்புவது லேசான காரியமில்லை. உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் இருப்பார். கேட்கிற பணத்தை முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு செட் கொடுங்கள், குழுவில் எதிர்க்கேள்வி கேட்காதீர்கள். ஹைதராபாத் என்றால் மட்டும் வெள்ளிக்கிழமை போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுக்கச் சொல்லுங்கள். எதெல்லாம் அன்று மூடியிருக்கும் என்பதை அவரிடம் சொல்ல வேண்டாம்.