ஒரு வரி லாக், ஊர் பட்ட பாடு

ஜேஎஸ்பி வலைப்பக்கத்துக்குள் ஜாவா எழுதுவது பாவம் என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பக்கத்தை அழகுபடுத்துகிறவர் அதைக் கண்டு மிரண்டுவிடுவாராம். ஒரு ‘பிரிண்ட்எல்என்’ போட்டுவிட்டு, அதை ஓட்டும் டாம்கேட் சர்வரின் ‘கேட்டலினா டாட் அவுட்’ லாக் கோப்பை எட்டிப் பார்க்கும் சுகம் அத்தோடு போயிற்று.

பரிகாரம், 1999-இல் ஜேஎஸ்பி 1.1 கொண்டுவந்த, ஜாவாவை ஒரு டாக்குக்குப் பின்னால் ஒளிக்கும் டாக் லைப்ரரி. ‘கூடை காலி’ என்று லாக்கில் குறிக்க வேண்டுமா? முதலில் ‘டாக்சப்போர்ட்’டின் வாரிசாக ஒரு கிளாஸ். அதற்குள் ‘டூஸ்டார்ட்டாக்’, அது மறக்காமல் ‘ஸ்கிப்பாடி’ என்று பதில் சொல்ல வேண்டும். அடுத்து, டாக்கின் பெயர், கிளாஸின் பெயர், எந்தெந்தப் பண்பு கட்டாயம் என்று ஜாதகம் கணிக்கும் டிஎல்டி கோப்பு. அப்புறம் பக்கத்தின் தலையில் ‘டாக்லிப்’ அறிவிப்பு. எழுத வந்தது இரண்டே சொல்.

இத்தனைக்கும் டாம்கேட் செய்வதென்ன? பக்கம் மொத்தத்தையும் ஜாவா சர்வ்லெட்டாக மாற்றித்தான் கம்பைல் செய்கிறது! வாசலில் விரட்டப்பட்ட ஜாவா கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்தாயிற்று. பிழை வந்தால் ஸ்டேக் டிரேஸில் நாம் எழுதாத கிளாஸின் வரி எண் பல்லிளிக்கும்.

இந்தப் பாட்டை முன்பே பட்டு முடித்தவர்கள் உண்டு. ஜகார்த்தா டாக்லிப்ஸ் திட்டத்தில் லாக்ஃபோர்ஜே என்னும் ஜாவா லாக் லைப்ரரியை நம்பிய லாக் டாக்குகள் இருந்தன. லாக்ஃபோர்ஜே 2-க்குச் சொந்தமாகவே ஒரு டாக் லைப்ரரி உண்டு. அதிலுள்ள ‘டம்ப்’ டாக், கேட்ட ஸ்கோப்பில் கிடப்பதையெல்லாம் லாக்கில் அல்ல, பக்கத்திலேயே கொட்டும். வாடிக்கையாளர் கண்ணில் படுமுன் அதை மட்டும் எடுத்துவிடுங்கள்.