13-ஆம் நம்பர் பெட்டி

கேள்வி: கள்ள ஓட்டெல்லாம் நம் ஊர் சரக்குதானா? அமெரிக்காவில் கிடையாதா?

பதில்: கிடையாதாவது! 1948-இல் டெக்ஸாஸில் செனட் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் யார் என்று உட்கட்சித் தேர்தல். லிண்டன் ஜான்சனும் முன்னாள் கவர்னர் கோக் ஸ்டீவன்சனும் மோதினார்கள். விழுந்தது சுமார் பத்து லட்சம் ஓட்டு. ஸ்டீவன்சன் மயிரிழையில் முன்னணி.

ஆறு நாள் கழித்து ஆலிஸ் என்ற சிற்றூரின் 13-ஆம் நம்பர் பெட்டிக்கு ஞானோதயம் வந்தது. ஜான்சனுக்கு 765 என்றிருந்த கணக்கு 965 ஆனது. 7-இன் தலையில் ஒரு சுழி, அவ்வளவுதான் வேலை! புதிதாக முளைத்த 202 பேரில் 200 பேர் ஜான்சன் பக்கம். ஸ்டீவன்சனுக்கு 2, திருஷ்டி கழிக்க வேண்டாமா? பட்டியலைப் பார்த்தவர்கள் சொன்னது: ஒரே மை, ஒரே கையெழுத்து, பெயர்களோ அகர வரிசையில். பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிட்டது போல வந்து ஓட்டுப் போட்டிருக்கிறார்கள்!

ஜான்சன் ஜெயித்தது 87 ஓட்டில். ஸ்டீவன்சன் கோர்ட்டுக்குப் போனார், பலிக்கவில்லை. ஊர் ஜான்சனுக்கு 'அமோக வெற்றி லிண்டன்' என்று கேலிப் பட்டம் கட்டியது. 1963-இல் அவர் ஜனாதிபதியே ஆகிவிட்டார். அந்தச் சாவடியின் தேர்தல் அதிகாரி லூயிஸ் சாலஸ் மோசடியை ஒப்புக்கொண்டது 1977-இல். ஜான்சன் இறந்து நாலு வருஷம் கழித்து.

7-க்குப் போட்ட சுழி, ஜான்சனுக்கு நல்ல தலைச்சுழி!